நொந்தபுரியா, அமெரிக்கக் கல்லூரியா, காலாங்கா?

என் அக்கா மகளுக்குப் பதினேழு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. எட்டு வயதில் டென்னிஸ் ரேக்கெட் பிடித்தவள். சிங்கப்பூர் அளவில் அவள் பெயர் தெரியும். ஜோகூர் பாலம் தாண்டினால் கொஞ்சம் பேருக்குத் தெரியும். பாங்காக் வரை போனால் யாருக்கும் தெரியாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், "மாமா, 'ஏ' நிலைத் தேர்வு முடிஞ்சதும் நான் புரோ ஆகப்போறேன்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான், "மாப்ள, கணக்குத் தெரிஞ்ச ஆள் நீதான். எந்த வழிக்கு எவ்வளவு ஆகும், என்ன கிடைக்கும்னு உட்கார்ந்து எழுதிக் கொடு" என்றார். நான் தேக்கா பக்கம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். டென்னிஸ் ஆடத் தெரியாது. ஆனால் இந்த வினை தொடங்கியபோது நானும் கூடத்தான் இருந்தேன். 2014இல் காலாங் உள்ளரங்கு விளையாட்டரங்கில், பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் இறுதிப் போட்டிகள் நடந்தபோது, சானியா மிர்ஸாவும் காரா பிளாக்கும் இரட்டையர் கோப்பையைத் தூக்கியதைக் குடும்பத்தோடு பார்த்தோம். பாப்பா என் மடியில் இருந்தாள். அந்தப் போட்டி 2018க்குப் பிறகு ஊரை விட்டே போய்விட்டது. இவள் பிடித்த ரேக்கெட்டை விடவில்லை.

அன்று அத்தானுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு ஆட்டத் திடல் வேலியோரம் நிற்கும் தமிழ்ப் பெற்றோர் நாலு பேரையாவது எனக்கே தெரியும்.

முதலில் அத்தானின் ஆசையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிலிப்பீன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈலா 2025 மார்ச்சில் மயாமியில் இகா ஷ்வியான்டெக்கைத் தோற்கடித்து அரையிறுதிக்குப் போனதிலிருந்து, அவருக்கு ஸ்பெயினில் ரஃபேல் நடால் நடத்தும் டென்னிஸ் அகாடமி மேல் ஒரு கண். "நம்ம பக்கத்து ஊர்ப் பிள்ளைதானே" என்பார். பக்கத்து ஊர்தான், சரி. ஆனால் ஈலா அங்கே போனது பதின்மூன்று வயதில், உதவித்தொகையோடு. 2021 ஜனவரியில், அகாடமி இருக்கும் அதே மனகோரில், அடிமட்டப் போட்டி ஒன்றில் முதல் கோப்பை. 2022இல் அமெரிக்க ஓப்பன் ஜூனியர் பட்டம். இவ்வளவுக்குப் பிறகும் மயாமிக்குப் போனபோது தரவரிசையில் 140. எல்லாம் கூடிவந்த பாதைக்கே முதல் கோப்பையிலிருந்து நாலு வருடம் பிடித்திருக்கிறது. நம் பிள்ளை பதினெட்டு வயதில், முழுக் கட்டணம் கட்டி அங்கே போய் நிற்பதென்றால் இருக்கிற வீவக அடுக்குமாடி வீட்டை விற்கத்தான் வேண்டும். அத்தான் அதையும் பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வழி அத்தோடு முடிந்தது.

மீதி மூன்று: நேராகத் தொழில்முறைச் சுற்றில் இறங்குவது, அமெரிக்கக் கல்லூரிக்குப் போய் ஆடுவது, இங்கேயே படித்துக்கொண்டு நாட்டுக்காக ஆடுவது.

நேராக இறங்கினால்

பெண்கள் டென்னிஸில் கடைசிப் படிக்கு டபிள்யூ-15 என்று பெயர். மொத்தப் பரிசு 15,000 அமெரிக்க டாலர். அதற்கு மேல் 35, 50, 75, 100 என்று படிகள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற டபிள்யூடிஏ போட்டிகள் இதற்கெல்லாம் மேலே. 15,000 என்றதும் கொழுத்த பணமாகத் தெரியும். முதன்மைச் சுற்றில் ஆடும் 32 பேருக்கும் இரட்டையர் ஆட்டத்துக்கும் பங்கு போட்டுப் பாருங்கள்: வாரம் முழுக்க ஒரு ஆட்டமும் தோற்காமல் கோப்பை வாங்குகிறவளுக்கு ஏறக்குறைய 2,300 டாலர். முதல் சுற்றில் தோற்றவளுக்கு இருநூறு டாலர்கூட இல்லை. அதிலும் பல நாடுகளில் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

புள்ளிக் கணக்கு எளிது. போட்டியின் பெயரில் இருக்கும் எண்தான் கோப்பைக்குக் கிடைக்கும் புள்ளி. டபிள்யூ-15இல் முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டம் வென்றால் 1 புள்ளி, கோப்பை வென்றால் 15. தரவரிசையில் பெயர் வருவதற்கே மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். 250ஆம் இடத்துக்கு முந்நூறை ஒட்டிப் புள்ளிகள் வேண்டும். இருபது டபிள்யூ-15 கோப்பைக்குச் சமமான புள்ளி! அப்படி வெல்கிறவள் அந்தப் படியில் நிற்கவே மாட்டாள், அது வேறு விஷயம். வாங்கிய புள்ளியும் கையில் தங்குவதில்லை. 52 வாரம் ஆனதும் கழிந்துவிடும். போன ஏப்ரலில் கோப்பை வாங்கினவள் இந்த ஏப்ரலில் காய்ச்சலோடு படுத்திருந்தால், படுத்த இடத்திலேயே தரவரிசையில் இறங்குவாள். சம்பள உயர்வை வருடா வருடம் திருப்பிக் கேட்கிற முதலாளி மாதிரி.

இந்த 250இல் அப்படி என்ன இருக்கிறது? டென்னிஸின் நாலு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களின் முதன்மைச் சுற்றுக்குத் தரவரிசையை வைத்து 104 பேரை நேரடியாக எடுப்பார்கள். அடுத்து வருகிறவர்களுக்குத் தகுதிச் சுற்றில் 128 இடம். ஆகவே 230, 240 வரை இருந்தால் தகுதிச் சுற்றுக்குள் நுழையலாம். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவளுக்கு 35,000 ஆஸ்திரேலிய டாலர். முதன்மைச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவளுக்கு 132,000. ஒரு காலைப் பொழுது ஆடித் தோற்பதற்கு! வருடத்தில் நாலு தடவை வருகிற இந்தப் பணம்தான் அந்த மட்டத்து ஆட்டக்காரிக்குச் சம்பளம் மாதிரி. 240ஆம் இடத்தில் இருப்பவளுக்கும் 340இல் இருப்பவளுக்கும் ஆட்டத்தில் மயிரிழைதான் வித்தியாசம். வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இது என் சொந்தக் கணக்கு மட்டும் இல்லை. உலக டென்னிஸ் சம்மேளனமான ஐடிஎஃப் 2013ஆம் ஆண்டின் நிலவரத்தை எடுத்து ஓர் ஆய்வு செய்தது. பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலேயே ஒரு பெண் ஆட்டக்காரிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 40,180 அமெரிக்க டாலர் செலவு. வரவும் செலவும் சரிக்குச் சரி ஆகும் இடம் 253. அந்த ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய பெண்கள் 4,862 பேர். நூற்றுக்கு ஐந்து பேர் கையைக் கடிக்காமல் ஆடியிருக்கிறார்கள், மற்றவர்களுக்கு வேறு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். கணக்குப் பழையதுதான். விமான டிக்கெட்டும் ஹோட்டலும் அதற்குப் பிறகு மலிந்துவிடவில்லை என்பது நமக்கே தெரியும்.

காகிதத்தில் இருப்பது போதாதென்று போன டிசம்பரில் நானே அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாங்காக்கை ஒட்டிய நோன்தாபுரியில் இந்த மாதிரிப் போட்டிகள் அடிக்கடி நடக்கும். இரண்டு வாரம், இரண்டு போட்டி. முதல் நாள் மாலையே நான் அந்த ஊருக்கு நொந்தபுரி என்று பெயர் வைத்துவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பது இது. இரண்டு பேருக்கு விமான டிக்கெட், ரேக்கெட் பைக்குக் கட்டிய கட்டணம் உட்பட 620 சிங்கப்பூர் வெள்ளி. ஒரே அறையில் 14 இரவு, 910. சாப்பாடு 420. நுழைவுக் கட்டணம், ரேக்கெட்டுக்குத் தந்தி கட்டிய கூலி 230. டாக்சி 90. ஆக 2,270 வெள்ளி. வரவு: முதல் வாரம் தகுதிச் சுற்றிலேயே தோல்வி, பூஜ்யம். இரண்டாம் வாரம் தகுதிச் சுற்று தாண்டி முதன்மைச் சுற்றுக்குள் போய், முதல் ஆட்டத்தில் தோற்றாள். வரி போகக் கைக்கு வந்தது அந்த டாக்சிச் செலவுக்குக் கொஞ்சம் மேல். நான் விடுப்பு எடுத்த பதினான்கு நாளை எழுதவில்லை. பயிற்சியாளர் வரவே இல்லை. அவரும் வந்திருந்தால் இது இரண்டு மடங்குக்கு மேல்.

பணத்தை விட என் மனத்தில் நின்றவை வேறு. பந்து பொறுக்கிக் கொடுக்கப் பிள்ளைகள் இல்லை. தோற்ற புள்ளிக்கும் அவளே குனிந்து பந்தை எடுக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் என்று என்னையும், எதிராளியின் அம்மாவையும், நிழலில் படுத்திருந்த ஒரு நாயையும் சொல்லலாம். ஆட்டம் முடிந்ததும் வியர்வைத் துணியை ஹோட்டல் குளியலறையில் அவளே அலசிப் போட்டாள். வாளி கிடையாது. தொட்டியின் அடைப்பானும் சரியாக உட்காரவில்லை. அதில் ஒரு காலுறையைச் சுருட்டித் திணித்துத் தண்ணீர் தேக்கினாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன். காலையில் தன்னைத் தோற்கடித்த பெண் சொல்லிக் கொடுத்தாளாம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது, ஏழு வருடமாக இந்தச் சுற்றில் இருக்கிறாள். அடுத்த வாரம் துனிசியாவின் மொனாஸ்டிர், அதற்கடுத்து எகிப்தின் ஷார்ம் எல் ஷேக். அந்த இரண்டு ஊர்களிலும் வாரா வாரம் இந்தப் போட்டி நடப்பதால் ஒரே அறையில் மாதக்கணக்கில் தங்கி ஆடுவார்களாம். செலவு குறையும் என்றாள். தனிமை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் வாரத் தோல்விக்குப் பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. முன்பின் தெரியாத ஆள். எந்த நாடு என்றும் தெரியாது. என் அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தான், அதை இங்கே எழுத மாட்டேன். பந்தயத்தில் விட்ட காசுக்கு வசவு அது. 2024இல் 458 ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 8,000 வசைச் செய்திகள் போயின என்றும், அவற்றில் பத்துக்கு நாலு, சூதில் தோற்றவர்கள் அனுப்பியவை என்றும் டபிள்யூடிஏவும் ஐடிஎஃப்பும் சேர்ந்து கணக்கு வெளியிட்டிருக்கின்றன. அதைப் படித்திருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் செய்தியைத் துடைத்தெறிவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது வேறு. "இதெல்லாம் எல்லாருக்கும் வரும் மாமா" என்று சொல்லி மீண்டும் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

நம் பக்கத்திலிருந்து இந்தப் பாதையில் போனவர்களையும் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவருடைய மிக உயர்ந்த தரவரிசை 134. அங்கிதா ரெய்னா பல ஆண்டு இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரி. 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம், உச்சம் 2020இல் 160. அவர் கிராண்ட் ஸ்லாம் முதன்மைச் சுற்றுக்குள் முதன்முதலாகப் போனது 2021இல், அதுவும் இரட்டையரில். அடுத்த சில நாளில் அதே ஆஸ்திரேலியாவில் ஒரு டபிள்யூடிஏ இரட்டையர் கோப்பையும் வாங்கினார். இருபத்தெட்டு வயதில். இவர்களைச் சாதாரண ஆட்டக்காரிகள் என்று எவனாவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் நூற்று முப்பது கோடிப் பேரில் ஒருத்தியாக வந்தவர்களுக்கே இதுதான் எல்லை என்றால், அந்த எல்லையைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு. அங்கிதா போன்றவர்கள் ஒவ்வொரு வாரத்துக்கும் விசாவுக்கு நிற்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குப் பெரும்பாலான கதவுகள் தானாகத் திறக்கும். தேசிய சேவையும் பெண்ணுக்கு இல்லை. பையனாக இருந்தால் பதினெட்டிலிருந்து இரண்டு வருடம் அங்கே போகும். அவள் தம்பிக்கு வாலிபால்தான் பிடிக்கும் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி.

கல்லூரி வழி

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் என்றதும் நம்மவர்கள் "படிப்புக்குப் போறா, விளையாட்டு சும்மா" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜேனிஸ் ஜென் பெயரைச் சொல்லித்தான் நான் அத்தானின் வாயை மூடினேன். ஜகார்த்தாப் பெண். ஓரிகன் பல்கலைக்கழகம், அப்புறம் கலிஃபோர்னியாவின் பெப்பர்டைன். 2024இல் பட்டம் முடித்தார். 2025 அமெரிக்க ஓப்பனில் தகுதிச் சுற்று தாண்டி, முதன்மைச் சுற்றில் வெரோனிகா குதெர்மெதோவாவை வென்றார். அதே ஆண்டு நவம்பரில் நம் சென்னை ஓப்பன் கோப்பை. முதல் நூறுக்குள் வந்துவிட்டார். படகில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நாட்டின் பெண் இவர். ஸ்பெயின் வரை கண் போக வேண்டியதில்லை.

அமெரிக்கப் பெண்களிலும் இந்த வழி வந்தவர்கள் உண்டு. டேனியல் காலின்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2014, 2016 இரண்டு முறை தேசியப் பட்டம் வென்று, 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி வரை போனார். எம்மா நவாரோவும் அதே பல்கலைக்கழகம், 2021இல் அதே பட்டம். சிங்கப்பூரின் ஸ்டெஃபனி டானும் டெக்சஸில் கல்லூரிக்காக ஆடியவர்தான்.

பணக் கணக்கு இங்கே தலைகீழ். பல காலமாக முதல் பிரிவுக் கல்லூரிகளில் பெண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு எட்டு முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்று விதி. ஆண்கள் அணிக்கு நாலரைதான், அதைத் துண்டு போட்டுக்கொள்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு யோகம். 2025இல் அந்த முறை மாறி, அணிக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எத்தனை பேருக்கு எவ்வளவு தருவது என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். ஆகவே எல்லாக் கல்லூரியும் முழுசாகத் தரும் என்று நம்பிப் போகக் கூடாது. கிடைத்தால், கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், ரேக்கெட், தந்தி, மருத்துவம் எல்லாம் கல்லூரிப் பொறுப்பு. நொந்தபுரி நோட்டில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அங்கே வேறொருவர் கணக்கில் போகிறது.

எனக்கு இதில் பணத்தை விடப் பிடித்தது தோல்வியின் விலை குறைவது. டபிள்யூ-15இல் செவ்வாய்க்கிழமை தோற்றால் வாரம் முழுக்க நஷ்டம். கல்லூரி அணியில் வெள்ளிக்கிழமை தோற்றால் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, திட்ட ஒரு பயிற்சியாளர் இருக்கிறார், கட்டிப்பிடித்து அழ எட்டுத் தோழிகள் இருக்கிறார்கள். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை உடம்பு முற்றுகிற வருடங்கள். அந்த வருடங்களில் இருநூறு ஆட்டம் பயமில்லாமல் ஆடுவது எந்த அகாடமியிலும் கிடைக்காது என்றே நினைக்கிறேன். கோடை விடுமுறையில் ஐடிஎஃப் போட்டிகளிலும் ஆடலாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அணிப் பயிற்சி என்று வரம்பு. மீதி அவள் பாடு. பயிற்சியாளருக்கு அணியின் வெற்றிதான் முக்கியம். சர்வீஸை மாற்றக் கற்றுக்கொள்ளும்போது ஆறு மாதம் தோற்க வேண்டியிருந்தால், அதற்கு அவர் பொறுக்க மாட்டார். பரிசுப் பணம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்குக் கெடுபிடியான விதிகள் இருந்தன. இப்போது வழக்கும் வாதமுமாக மாறிக்கொண்டிருக்கின்றன. அங்கே பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அத்தான் கண் விரிந்தார். மாணவர் விசாவில் போகிற வெளிநாட்டுப் பிள்ளைக்கு அது அவ்வளவு லேசில்லை. முக்கியமானது: பள்ளி முடித்ததும் ஒரு வருடம் ஆடிப் பார்த்துவிட்டு அப்புறம் கல்லூரிக்குப் போகலாம் என்று நினைத்தால் கல்லூரி அணிக்கு ஆடக் கிடைக்கும் ஆண்டுகளில் ஒன்று பறிபோகலாம். நமக்கு 'ஏ' நிலை நவம்பர் வாக்கில் முடிகிறது, அங்கே கல்லூரி ஆகஸ்டில் தொடங்குகிறது. அந்த இடைவெளியை எப்படி எண்ணுவார்கள் என்பதைக் கல்லூரியின் விதிமுறை அலுவலரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

எழுத்தில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு முகவர் வீடு வரை வந்து, "முழு உதவித்தொகை உறுதி" என்று சொல்லி, முன்பணமாக ஆயிரத்து எண்ணூறு வெள்ளி வாங்கிப் போனார். எட்டு மாதத்தில் அவர் செய்தது ஒரே மாதிரி மின்னஞ்சலை அறுபது பயிற்சியாளர்களுக்கு அனுப்பியது. அதில் பிள்ளை பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை. பிறகு அவளே ஒரு ஆட்டத்தைப் படம் பிடித்து, தோற்ற புள்ளிகளையும் வெட்டாமல் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினாள். நாலு பேர் பதில் எழுதினார்கள்.

இங்கேயே இருந்தால்

இதை எங்கள் வீட்டில் யாரும் பேசவே விரும்பவில்லை. தோற்றவர்கள் வழி என்று ஒரு நினைப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2029 தென்கிழக்காசிய விளையாட்டுகள் சிங்கப்பூரில் நடக்கவிருக்கின்றன. அப்போது அவளுக்கு இருபது, இருபத்தொன்று. சொந்த மண், சொந்தக் கூட்டம், அப்பத்தா முதல் வரிசையில். தனிநபர் தங்கத்துக்கு 10,000 வெள்ளி வெகுமதி உண்டு. ஐந்து டபிள்யூ-15 கோப்பை வென்றாலும் செலவு போக அவ்வளவு மிஞ்சாது. தேசிய விளையாட்டாளர் உதவித்தொகை கிடைத்தால் பயிற்சிச் செலவில் பாரம் குறையும். இங்கே பல்கலைக்கழகம், கையில் பட்டம், வாரக் கடைசியில் கொண்டோ பிள்ளைகளுக்குப் பயிற்சி.

அந்தப் பயிற்சி வருமானம் சின்னக் காசு இல்லை. மணிக்கு நூறு வெள்ளி கேட்கிற பயிற்சியாளர்கள் இங்கே இருக்கிறார்கள். முப்பது மணி நேரம் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பந்து போட்டுக் கொடுத்தால், டபிள்யூ-15 கோப்பைக்கான பணம் வந்துவிடும். இதைச் சொன்னபோது பாப்பா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! மத்திய சேம நிதியைப் பற்றிப் பேச்சை எடுத்திருக்கவே கூடாது. தனியாகச் சுற்றில் ஆடுகிறவளுக்கு முதலாளி பங்கு யாரும் போட மாட்டார்கள், முப்பது வயதில் திரும்பி வந்து வீடு வாங்க நினைத்தால் கணக்கில் ஒன்றும் இருக்காது என்றேன். "எனக்குப் பதினேழு வயசு மாமா" என்றாள். நியாயம்தான்.

இந்த வழியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. அடிக்க எதிராளி இல்லை. அவளைத் தோற்கடிக்கக்கூடிய பெண்கள் இந்தத் தீவில் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு அவள் நூறு தடவை ஆடிவிட்டாள். யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். 2025 தொடக்கத்தில் காலாங்கில் சிங்கப்பூர் டென்னிஸ் ஓப்பன் நடந்தபோது, கோப்பை வென்ற எலிஸ் மெர்ட்டன்ஸ் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு வந்து, "பந்து விழுற சத்தமே வேற மாமா" என்றாள். அந்தச் சத்தத்தை வருடத்தில் ஒரு வாரம் கேட்டால் போதாது.

நான் எழுதிக் கொடுத்தது

கல்லூரிதான் என்று எழுதினேன். நேராகத் தொழில்முறை என்பது, பதினெட்டு வயதில் டபிள்யூ-35 போட்டிகளில் வாரா வாரம் காலிறுதிக்குப் போகிற பிள்ளைக்குச் சரி. நம் பிள்ளை இன்னும் டபிள்யூ-15 தகுதிச் சுற்றில் இருக்கிறாள். அந்தப் படியில் நின்றுகொண்டு வருடத்துக்கு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் வெள்ளி என்று மூன்று வருடம் போட்டால், பணம் முதலில் தீரும். திறமை இருக்கிறதா இல்லையா என்பது அதற்கப்புறம்தான் தெரியவரும். கல்லூரியில் அந்த வரிசை மாறுகிறது. நாலு வருடம் கழித்து அவள் இருபத்திரண்டு வயதில் சுற்றில் இறங்கலாம். ஜென் இறங்கிய வயதும் அதுதான். அப்போது அத்தானின் சேமிப்பும் அப்படியே இருக்கும், வேண்டுமானால் அதில் இரண்டு வருடம் ஆடிப் பார்க்கட்டும்.

ஒரு விதிவிலக்கும் எழுதி வைத்தேன். 'ஏ' நிலை முடிந்து கல்லூரி தொடங்கும் வரை எட்டு மாதம் இருக்கிறது. விதிமுறை அனுமதித்தால், அதில் எட்டாயிரம் வெள்ளி மட்டும் ஒதுக்கலாம். அந்தப் பணத்துக்குள் அவள் தரவரிசையில் ஐந்நூறுக்குள் வந்துவிட்டால், இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்து பேசலாம். வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வரி இல்லாமல் அவள் கையெழுத்துப் போட மாட்டாள்.

அத்தான் காகிதத்தை இரண்டு முறை படித்தார். அக்கா, "அமெரிக்கா ரொம்ப தூரம்" என்று மட்டும் சொன்னாள். பாப்பாவிடம் நான் ஒன்று கேட்டேன். மொனாஸ்டிரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கே தோற்றுவிட்டாய், அடுத்த ஆட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்த ஏழு நாள் என்ன செய்வாய்? கொஞ்சம் யோசித்தாள். "துணி துவைப்பேன். சாயந்திரம் டபுள்ஸ் ஆட ஆள் தேடுவேன். அப்புறம் உங்களுக்கு போன் பண்ணி அழுவேன்."

எந்த வழிக்கும் லாயக்கான பதில்தான் அது. அதனால் என் கணக்குக்கு அது ஒன்றும் உதவவில்லை.

பன்னிரண்டு பயிற்சியாளர்களில் பதில் எழுதிய நாலு பேரில் ஒருவர் இரண்டாவது ஆட்டத்தின் படமும் கேட்டிருக்கிறார். வெயிலில் ஆடியது வேண்டுமாம். டிசம்பரில் மறுபடி நொந்தபுரி போகிறோம். சலவைத் தூள் முஸ்தஃபாவில் வாங்கி வைத்தாயிற்று. தொட்டியை அடைக்க ரப்பர் மூடி ஒன்றும் எடுத்தேன், மூன்று அளவில்.